ஒரு ஜாமீன் கையெழுத்தும் அதற்கு முந்தைய பல ‘சரி’களும்: பெங்களூரில் ஒரு நிகழ்வு ஆய்வு

பிறர் சொல்லுக்கு எளிதில் வளைந்துகொடுப்பவர்களைப் பற்றி நம்மிடம் ஒரு தீர்ப்பு எப்போதும் தயாராக இருக்கிறது. அவர்களுக்கு மனத்திடம் போதாது, கொஞ்சம் தைரியமாகப் பேசக் கற்றுக்கொண்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பதே அது. பெங்களூரில் தமிழ்க் குடும்பங்களுக்கு உளவியல் ஆலோசனை வழங்கிவரும் எனக்கு இந்தத் தீர்ப்பு தவறானது மட்டுமல்ல, சிகிச்சைக்கே இடையூறானது என்று தோன்றுகிறது. ‘இல்லை’ என்று சொல்ல முடியாமை பெரும்பாலும் நன்றாகப் பழகிய ஒரு செயல். ஒரு காலத்தில் அந்த மனிதரைக் காப்பாற்றிய செயலும்கூட. அது எங்கே, எப்படி, யார் முன்னால் கற்கப்பட்டது என்று தெரியாமல் அதை மாற்ற முடியாது. இதை விளக்க ஒரு நிகழ்வை விரிவாகப் பதிவு செய்கிறேன். சம்பந்தப்பட்டவரின் ஒப்புதல் பெறப்பட்டுள்ளது. அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன.

வந்த காரணம்

ஆலோசனைக்கு வந்தவர் முப்பத்தாறு வயதுப் பெண். கிருஷ்ணராஜபுரம் பக்கம் வாடகை வீட்டில் கணவர், எட்டாம் வகுப்பு படிக்கும் மகள், மாமியார் ஆகியோருடன் வசிக்கிறார். ஒயிட்ஃபீல்டு பகுதியில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை. ஏறத்தாழ இரண்டு மாதங்களாகத் தூக்கம் இல்லை. விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. நெஞ்செரிச்சலும் வயிற்று வலியும் தொடர்கின்றன. எண்டோஸ்கோப்பி உட்படப் பரிசோதனைகள் எல்லாம் இயல்பாக இருந்ததால், இது டென்ஷன்தான் என்று சொல்லி மருத்துவர் சில மாத்திரைகளோடு அனுப்பிவிட்டார். ஒரு நாள் நள்ளிரவில் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ அழைத்துத் தமிழில் பேசியிருக்கிறார். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட அந்தச் சேவையில் பேசியவர் நேரடி ஆலோசனை பெறும்படி சொன்னதால்தான் என்னிடம் வந்தார்.

முதல் சந்திப்பில் உடல் தொல்லைகளை மட்டுமே வரிசையாகச் சொன்னார். எழுந்து கிளம்பும் நேரத்தில் உடன் வந்த கணவர்தான் வாய் திறந்தார்: “யாருக்கும் இல்லைன்னு சொல்ல வராது மேடம் இவளுக்கு. அதான் எல்லாத்துக்கும் காரணம்.” அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டார். அதன் பிறகே ஜாமீன் விஷயம் வெளியே வந்தது.

கையெழுத்து

அவர் பிரிவில் பத்து வயது மூத்த பெண் ஒருவர் இருக்கிறார்; இவரைப் போலவே கோலார் தங்கவயலில் இருந்து வந்தவர்; இவர் அவரை ‘அக்கா’ என்றே அழைக்கிறார். அந்த அக்கா ஒரு சீட்டுக் கம்பெனியில் ஐந்து லட்ச ரூபாய்ச் சீட்டை ஏலத்தில் எடுத்தார். 1982-ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டத்தின்படி, சீட்டை எடுத்தவர் மீதித் தவணைகளுக்கு ஈடு காட்டினால்தான் பணம் கைக்கு வரும். மாதச் சம்பளக்காரரின் ஜாமீனை ஈடாக ஏற்பது வழக்கம். ஒரு நாள் மதியச் சாப்பாட்டு வேளையில், மூன்று சக ஊழியர்கள் உட்கார்ந்திருக்க, முன்கூட்டியே நிரப்பிய படிவத்தை அக்கா டிபன் பாக்ஸ் பக்கத்தில் வைத்தார். “ஒரு கையெழுத்துதான் கண்ணு. மாசாமாசம் கட்டப்போறது நான்தானே.” இவர் கையைக் கழுவிவிட்டு வந்து கையெழுத்திட்டார். படிக்கவில்லை.

எட்டு மாதங்கள் தவணை கட்டிய அக்கா பிறகு நிறுத்திவிட்டார். சீட்டுக் கம்பெனியின் அறிவிப்பு இவர் பெயருக்கு வந்தது. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, பிரிவு 128-இன்படி, ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லப்பட்டிருந்தாலொழிய, ஜாமீன்தாரரின் பொறுப்பு முதன்மைக் கடனாளியின் பொறுப்புக்குச் சமம். கடன் கொடுத்தவர் முதலில் கடனாளியிடம் முயன்று தோற்ற பிறகுதான் ஜாமீன்தாரரிடம் வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இது தெரியாமல், ஜாமீன் என்றால் சாட்சிக் கையெழுத்து என்று நினைத்து மாட்டிக்கொள்கிறவர்கள் ஏராளம். இவரும் அப்படித்தான் என்று முதலில் நினைக்கத் தோன்றும். ஆனால் இவர் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறவர். சட்டப் பிரிவின் எண் தெரியாவிட்டாலும் ஜாமீன் என்றால் என்ன என்பது தெரியும். அக்கா ஏற்கெனவே பல இடங்களில் கடன்பட்டிருந்ததும் தெரியும். “தெரிஞ்சுதான் போட்டேன் மேடம். போடும்போதே இது திரும்பாதுன்னு உள்ளே சொல்லிச்சு” என்றார். இந்த நிகழ்வின் மையம் இந்த வாக்கியம்தான். அறியாமையால் விளைந்த பிழையாக இருந்திருந்தால் ஒரு வழக்கறிஞரின் அரை மணி நேர விளக்கம் போதுமானதாக இருந்திருக்கும்.

அதே 1872-ஆம் ஆண்டுச் சட்டம், பிரிவுகள் 16, 19A-இல், ஒருவருடைய விருப்பத்தை ஆட்டிவைக்கும் நிலையில் இருப்பவர் அந்த நிலையைப் பயன்படுத்தி முறையற்ற ஆதாயம் அடைந்தால் ஒப்பந்தத்தைத் தவிர்க்க இடம் தருகிறது. அது இவருக்குப் பயன்படுமா என்று வழக்கறிஞரிடம் கேட்டோம். அக்கா மேலதிகாரி அல்ல, பாதுகாவலரும் அல்ல, வெறும் சக ஊழியர். சட்டத்தின் கண்ணுக்கு அவரிடம் எந்த அதிகாரமும் இல்லை. மனித மனம் வேறு அளவுகோலால் அதிகாரத்தை அளக்கிறது என்பதையே இது காட்டுகிறது.

பின்புலம்

தங்கவயலில் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டபோது இவருக்கு வயது பன்னிரண்டு, பதின்மூன்று இருக்கும். தந்தை சுரங்கத் தொழிலாளி. சுரங்க லைன் வீட்டில், சம்பளம் நின்றுபோன பல மாதங்களை அந்தக் குடும்பம் அக்கம்பக்கத்தாரின் அரிசியிலும் உறவினர்களின் தயவிலும் கடந்தது. ஒரு பெரியம்மா பள்ளிக் கட்டணம் கட்டினார். அந்தப் பெரியம்மா வீட்டில் விடுமுறை நாட்களில் பாத்திரம் துலக்கியதையும், அவர் பெண்ணின் பழைய உடைகளை மறுப்பின்றிப் போட்டுக்கொண்டதையும் இவர் சொன்னார். முகம் சுளித்த ஒரு நாள் தாய் தனியே அழைத்துச் சொன்ன சொற்களை அப்படியே திருப்பிச் சொன்னார்: “அவங்க மனசு கோணுச்சுன்னா நம்ம அடுப்பு எரியாது.”

அந்த வாக்கியம் அன்றைக்கு உண்மை. அந்த வீட்டில் இணங்கிப்போவது கோழைத்தனம் அல்ல; குடும்பத்தின் சாப்பாட்டுக்கு அந்தச் சிறுமி செய்த பங்களிப்பு. பிறகு மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்கு விடியற்காலை ரயிலில் வந்துபோய்ப் படித்தார், வேலைக்குச் சேர்ந்தார், திருமணம் ஆயிற்று, இன்று அவர் சம்பளத்தில் ஒரு குடும்பம் பாதி நடக்கிறது. யாருடைய மனம் கோணினாலும் அவர் அடுப்பு எரியும். ஆனால் மூத்த பெண் ஒருவர் எதிரே நின்று ஒன்றைக் கேட்டால், அவர் உடல் இன்னும் அந்த லைன் வீட்டில்தான் நிற்கிறது.

கோரிக்கைக் குறிப்பேடு

அறிவுரை எதுவும் சொல்லாமல் முதலில் ஒரு குறிப்பேடு எழுதச் சொன்னேன். யார் கேட்டார்கள், என்ன கேட்டார்கள், நேரிலா போனிலா, அருகில் வேறு யார் இருந்தார்கள், கேட்ட கணத்தில் உடலில் என்ன நேர்ந்தது, பதில் சொல்ல எவ்வளவு நேரம் ஆயிற்று, பிறகு எப்படி இருந்தது. கணக்குப் பிரிவுக்காரர் என்பதால் கட்டம் போட்டு நேர்த்தியாக எழுதிக்கொண்டு வந்தார். அதில் தெரிந்தவை எங்கள் இருவருக்குமே வியப்பாக இருந்தன.

அவர் எல்லோரிடமும் இணங்குகிறவர் அல்ல. வாட்ஸ்ஆப்பில் வந்த கோரிக்கைகளில் பலவற்றை அவர் நயமாகத் தள்ளியிருந்தார். ஆட்டோக்காரரிடம் மீட்டருக்கு மேல் தர மறுத்துக் கன்னடத்தில் வாதாடியிருந்தார். தம்பியிடமும் தங்கையிடமும் கண்டிப்பாகவே பேசுகிறார். ‘சரி’ என்று உடனே வந்த இடங்கள் எல்லாம் ஒரே மாதிரியானவை: கேட்பவர் வயதில் மூத்தவர், பெரும்பாலும் பெண், நேருக்கு நேர், மூன்றாம் மனிதர் பார்த்துக்கொண்டிருக்கிறார். உடல் பற்றிய கட்டத்தில் திரும்பத் திரும்ப ஒரே குறிப்பு: “நெஞ்சு அடைக்கிற மாதிரி. சரின்னதும் போயிடுச்சு.” பதில் நேரக் கட்டத்தில் பெரும்பாலும் “உடனே”.

‘சரின்னதும் போயிடுச்சு’ என்ற குறிப்பில் நோயின் இயக்கமே அடங்கியிருக்கிறது. கோரிக்கை வருகிறது, பதற்றம் ஏறுகிறது, ‘சரி’ என்ற சொல் அந்தப் பதற்றத்தை நொடியில் இறக்கிவிடுகிறது. துன்பத்தை நீக்கும் எந்தச் செயலையும் மனம் மீண்டும் செய்யும். இணக்கத்தின் விலையோ எட்டு மாதம் கழித்து, பதிவுத் தபாலில் வருகிறது. பலன் உடனடியாகவும் விலை தாமதமாகவும் வரும் பழக்கங்களை ‘இனிமேல் செய்யாதே’ என்ற உபதேசத்தால் நிறுத்த முடிந்ததாக நான் பார்த்ததில்லை.

விலை வேறொரு இடத்திலும் கொடுக்கப்பட்டுக்கொண்டிருந்தது. வெளியே யாரிடமும் குரல் உயர்த்தாத அவர், மாலையில் மகளிடம் சின்ன விஷயத்துக்கும் வெடித்தார். மகளோ பள்ளியில் தன் வீட்டுப்பாடத்தைத் தோழிகள் எழுதிக்கொள்ளக் கொடுத்துவிட்டுத் தானே திட்டு வாங்கிக்கொண்டிருந்தாள். ஆசிரியை சொல்லி இது தெரியவந்தது. சிகிச்சையைத் தொடர வேண்டும் என்ற உறுதி அவருக்கு வந்தது சீட்டுப் பணத்தால் அல்ல, இந்தச் செய்தியால்.

சின்னதில் தொடங்கிய வரிசை

ஜாமீன் வரை அக்கா எப்படி வந்தார் என்று பின்னோக்கி எழுதிப் பார்த்தோம். முதலில், அரை மணி நேரம் முன்னதாகக் கிளம்புகிறேன், கேட்டால் பார்த்துக்கொள் என்றார். பிறகு மாதக் கடைசியில் தன் பங்கு வவுச்சர்களைச் சரிபார்த்துத் தரச் சொன்னார். அப்புறம் இரண்டாயிரம் ரூபாய்; அது திரும்பி வந்தது. பிறகு பத்தாயிரம், அதில் பாதி வந்தது. அதன் பிறகு ஜாமீன். ஒவ்வொரு படியும் முந்தைய படியை விடக் கொஞ்சமே பெரியது.

ஃப்ரீட்மன், ஃப்ரேஸர் என்ற இரு ஆய்வாளர்கள் 1966-இல் வெளியிட்ட ஆய்வு இதை நேரடியாகச் சோதித்தது. கலிஃபோர்னியாவில் வீட்டின் முன்புறத்தில் சாலைப் பாதுகாப்பு பற்றிய பெரிய, அழகற்ற பலகையை நட அனுமதி கேட்டபோது நூற்றுக்குப் பதினேழு பேரே ஒப்புக்கொண்டனர். முன்பே அதே விஷயத்தில் ஒரு சிறு ஒட்டுவில்லையை வைக்க ஒப்புக்கொண்டவர்களிடம் கேட்டபோது எழுபத்தாறு சதவீதம் பேர் இணங்கினர். ஒரு முறை உதவியவர் தன்னை ‘உதவுகிறவள்’ என்று காணத் தொடங்கிவிடுகிறார்; அடுத்த மறுப்பு கேட்பவரை மட்டுமல்ல, தன்னைப் பற்றிய அந்தச் சித்திரத்தையும் மறுப்பதாகிவிடுகிறது. “நானா இல்லைன்னு சொல்றது?” என்று இவர் ஒரு முறை கேட்டது இதைத்தான்.

அக்காவைச் சூழ்ச்சிக்காரியாகக் காட்டுவது எளிது. கணவர் அப்படித்தான் பார்த்தார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. உதவி கேட்பவர்கள், எதிராளி இணங்கும் வாய்ப்பைத் திரும்பத் திரும்பக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்று ஃப்ளின், லேக் (இப்போது போன்ஸ்) இருவரும் 2008-இல் வெளியிட்ட ஆய்வுகள் காட்டின. கேட்பவருக்குத் தன் சங்கடம் தெரிகிறது. ‘முடியாது’ என்று முகத்துக்கு நேரே சொல்வது எதிராளிக்கு எவ்வளவு கடினம் என்பது தெரிவதில்லை. விருப்பம் இல்லாவிட்டால் சொல்லியிருப்பாளே என்று அந்த அக்கா உண்மையாகவே நம்பியிருக்கலாம்.

இரண்டு வகை இணக்கம்

குறிப்பேட்டை இரண்டாம் முறை படித்தபோது அதற்குள் இரண்டு வேறு வேறு சங்கதிகள் கலந்திருப்பதைக் கண்டேன். சிகிச்சையைத் தீர்மானித்தது இந்தப் பிரிவினைதான் என்பதால் இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும்.

சாலமன் ஆஷ் 1950-களில் அமெரிக்காவின் ஸ்வார்த்மோர் கல்லூரியில் தொடங்கி நடத்திய சோதனைகளில், மூன்று கோடுகளில் எது கொடுக்கப்பட்ட கோட்டுக்குச் சமம் என்று ஒவ்வொருவராக உரக்கச் சொல்ல வேண்டும். ஒருவரைத் தவிர அறையில் இருந்த அனைவரும் ஆஷின் ஆட்கள். பதினெட்டுச் சுற்றுகளில் பன்னிரண்டில் அவர்கள் ஒரே குரலில் தவறாகச் சொன்னார்கள். கண்ணுக்கு நேரே தெரியும் விடைக்கு மாறாக, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பதில்கள் கூட்டத்தோடு போயின. நான்கில் மூன்று பேர் ஒரு முறையாவது வளைந்தார்கள். பின்னர் விசாரித்தபோது, சிலர் தவறு என்று தெரிந்தே தனித்து நிற்க விரும்பாமல் சொன்னதாகக் கூறினர்; வேறு சிலர் தம் கண்ணில்தான் கோளாறோ என்று ஐயப்பட்டிருந்தனர். இந்த இரண்டையும் டாய்ச்சும் ஜெரார்டும் 1955-இல் தெளிவாகப் பிரித்தார்கள். ஒன்று, பிறருடைய ஏற்பை இழக்க அஞ்சி இணங்குவது. மற்றது, பிறருக்குத் தன்னை விடத் தெரியும் என்று கருதி இணங்குவது.

ஜாமீன் முதல் வகை. மகளின் பள்ளி விவகாரம் இரண்டாம் வகை. நன்றாகப் படித்துக்கொண்டிருந்த மகளைத் தொலைவில் உள்ள சிபிஎஸ்இ பள்ளிக்கு மாற்றும்படி நாத்தனார் சொன்னார், இவர் மாற்றிவிட்டார். அங்கே நெஞ்சு அடைக்கவில்லை. “அவங்க எம்.பி.ஏ. படிச்சவங்க, எனக்கென்ன தெரியும்?” என்ற எண்ணம் மட்டுமே இருந்தது. முதல் வகைக்கு வேண்டியது பதற்றத்தைத் தாங்கும் பயிற்சி; இரண்டாம் வகைக்கு வேண்டியது தன் முடிவின் மேல் நம்பிக்கை. இரண்டையும் ‘தன்னம்பிக்கைக் குறைவு’ என்று ஒரே பெயரில் போட்டு ஒரே மருந்து கொடுப்பது நம் துறையில் அடிக்கடி நடக்கிறது. அப்படிச் செய்தால் ஒன்றுகூடக் குணமாவதில்லை.

இங்கே அளவுகோல் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தன் கருத்தையும் மறுப்பையும் தயங்காமல் சொல்லும் தன்னுறுதியை அளக்க உலகெங்கும் பயன்படும் ராத்தஸ் அளவுகோல் 1973-இல் வந்தது. முப்பது கூற்றுகள் கொண்டது. உணவகத்தில் பரிமாறப்பட்டது சரியில்லை என்றால் புகார் செய்வீர்களா என்பது போன்றவை அதில் உண்டு. இவர் அவற்றுக்கு நல்ல மதிப்பெண்ணே பெற்றார். அறிமுகமற்றவர்களிடம் உறுதியாகப் பேசுகிறவர், ‘அக்கா’, ‘அத்தை’, ‘பெரியம்மா’ என்ற உறவுக்குள் வந்ததும் கரைந்துவிடுகிறார் என்பதை அந்தத் தாள் காட்டவில்லை. நமக்குப் பயன்பட்டது அவரே கட்டம் போட்ட குறிப்பேடுதான்.

பயிற்சி

தன்னுறுதிப் பயிற்சியின் வேர்கள் ஆண்ட்ரூ சால்ட்டர் 1949-இல் எழுதியவற்றிலும், ஜோசப் வோல்ப்பி 1958-இல் முன்வைத்த கொள்கையிலும் இருக்கின்றன. பதற்றத்தோடு ஒரே நேரத்தில் இருக்க முடியாத ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்தால் பதற்றம் தளரும் என்றார் வோல்ப்பி. மனத்தில் உள்ளதைத் தயங்காமல் வெளிப்படுத்துவதை அத்தகைய செயல்களில் ஒன்றாகக் கருதினார். எழுபதுகளில் புகழ்பெற்றிருந்த இந்த முறை பிறகு அறிவுசார் நடத்தைச் சிகிச்சைக்குள் கலந்துவிட்டது. எளிதிலிருந்து கடினத்துக்குப் படிப்படியாக ஏறுவது இதன் அடிப்படை.

முதல் படியில் மறுப்பே இல்லை. தாமதம் மட்டும். “யோசிச்சு நாளைக்குச் சொல்றேன் அக்கா” என்ற ஒரு வாக்கியத்தைச் சொல்வதே வேலை. ‘வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்றேன்’ என்று சொல்லவே அவர் விரும்பினார். தொடக்கத்தில் அதை அனுமதித்தேன். ஆனால் கணவரை என்றென்றும் கேடயமாக்கினால், முடிவெடுக்கத் தனக்கு உரிமை இல்லை என்ற பழைய பாடமே உறுதிப்படும் என்பதால் விரைவில் அதை மாற்றினோம். அவகாசத்தின் மதிப்பைச் சட்டமும் அறிந்திருக்கிறது. முகவரின் வற்புறுத்தலில் எடுத்த காப்பீட்டுப் பாலிசியைத் திருப்பிக் கொடுக்க இப்போது முப்பது நாள் அவகாசம் உண்டு. ஜாமீன் கையெழுத்துக்கு அப்படி ஓர் அவகாசம் இல்லை. அதைக் கையெழுத்துக்கு முன்பு நாமேதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து நடித்துப் பார்த்தல். நான் அக்கா ஆனேன்.

“கண்ணு, இந்த மாசம் ஒரு ரெண்டாயிரம் கொடேன். சம்பளம் வந்ததும் தந்துடறேன்.”

“ஐயோ, சாரிக்கா... பாப்பாவுக்கு ஃபீஸ் கட்டணும்க்கா, அவருக்கு வண்டி ரிப்பேரு, அத்தைக்கு மாத்திரை வேற வாங்கணும்...”

“ஃபீஸ் பத்தாம் தேதிதானே? நான் ஒண்ணாம் தேதியே குடுத்துடறேனே.”

அவர் கை மடியில் இருந்த பையின் ஜிப்பை இழுத்து மூடியது, மறுபடி திறந்தது. குரல் இறங்கியது. “சரிக்கா” என்றார். நடிப்பு என்று தெரிந்திருந்தும் இணங்கிவிட்டார். கண் கலங்கியது. அன்றைய அமர்வில் அதற்கு மேல் எதையும் செய்யாமல், அந்த ‘சரிக்கா’ வந்த கணத்தை மட்டும் நிதானமாகப் பேசினோம். மூன்று காரணங்களை அடுக்கினார். ஒவ்வொரு காரணமும் எதிராளி பிடித்து ஏற ஒரு படியாகிவிட்டது. ஃபீஸ் தேதிக்கு வழி சொன்னால், வண்டிக்கு வழி சொன்னால், மறுப்பதற்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை. காரணம் சொல்லாவிட்டால் மரியாதைக் குறைவு என்பது அவர் எண்ணம். மரியாதை காரணத்தில் இல்லை, ‘அக்கா’ என்று அழைக்கும் குரலில் இருக்கிறது என்று பேசித் தெளிந்தோம்.

ஆங்கிலப் பயிற்சி நூல்களில் பரிந்துரைக்கப்படும் ‘நீங்கள் இப்படிச் செய்யும்போது நான் இப்படி உணர்கிறேன்’ என்ற வார்ப்பு நம் வீடுகளில் எடுபடுவதில்லை. நாடக வசனம் போல ஒலித்துக் கேட்பவரைச் சீண்டுகிறது. நம் பேச்சில் உறவுச் சொல்லே பாதி நயத்தைச் சுமக்கிறது. ஆகவே நாங்கள் இறுதியாக எடுத்துக்கொண்ட வாக்கியம் மிகச் சிறியது: “இல்லக்கா, இந்த மாசம் என்னால முடியாது.” அவ்வளவுதான். மீண்டும் கேட்டால் அதே வாக்கியம், அதே குரலில். வாக்கியத்தை விட அதன் பின் வரும் மௌனமே அவருக்குக் கடினமாக இருந்தது. அந்த மௌனத்தை நிரப்பத்தான் அவர் ஒவ்வொரு முறையும் இணங்கியிருக்கிறார். எனவே பேசாமல் இருப்பதையே பயிற்சியாக்கினோம். முகத்தைப் பார்த்தபடி, மனத்துக்குள் ஐந்து எண்ணும் வரை.

வெளியே பயிற்சிகள் சிறியவையாகத் தொடங்கின. புடவைக் கடையில் ஐந்தாறு புடவைகளைப் பிரித்துக் காட்டச் சொல்லிவிட்டு, “பிடிக்கலைங்க, வர்றேன்” என்று வாங்காமல் வருவது. காய்கறிச் சந்தையில் பழகிய கிழவி பையில் போடும் கூடுதல் கீரைக் கட்டைத் திருப்பிக் கொடுப்பது. பஸ்ஸில் ‘ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி’ (கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க) என்று மூவர் இருக்கையில் நான்காவதாக நெருக்குபவரிடம் புன்னகையோடு மறுப்பது. கீரைக் கட்டுதான் இவற்றில் மிகக் கடினமானது என்றார். அந்தக் கிழவி அவரைத் ‘தாயி’ என்று கூப்பிடுவார்.

ஆஷின் சோதனையில் இன்னொரு செய்தி உண்டு. அதைச் சிகிச்சையில் நேரடியாகப் பயன்படுத்தினேன். அறையில் ஒரே ஒருவர் உண்மையைச் சொன்னால் போதும், கூட்டத்தோடு போகும் பதில்கள் ஏறத்தாழ ஐந்து சதவீதமாகச் சரிந்தன. இவருக்கும் அப்படி ஒருவர் தேவை. அலுவலகத்தில் ஓர் இளம் சக ஊழியை இவர் நிலையை அறிந்து, பக்கத்தில் இருக்க ஒப்புக்கொண்டார். வீட்டில் கணவர் “ஏன் ஒத்துக்கிட்ட?” என்று கேட்பதை நிறுத்தி, “எப்ப பதில் சொல்லணும்?” என்று கேட்கத் தொடங்கினார். திட்டும் கணவரும் ஓர் அழுத்தம்தான் என்பது அவருக்குப் புரியச் சில வாரங்கள் ஆயின.

இரண்டாம் வகை இணக்கத்துக்கு வேறு வழி. யாரிடமும் பேசுவதற்கு முன்பே தன் கருத்தைத் தாளில் எழுதி வைப்பது. டாய்ச், ஜெரார்டு ஆய்விலும் தம் விடையை முன்னரே எழுதிவைத்தவர்கள் கூட்டத்துக்குக் குறைவாகவே வளைந்தார்கள். வாடகை வீட்டை மாற்றுவது பற்றி உறவினர்கள் ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது. பள்ளி, பஸ் வசதி, தண்ணீர், முன்பணம் என்று தன் கணக்கை முதலில் எழுதினார். கோடையில் போர்வெல் வற்றும் தெரு எது என்பதில் அவர் அறிவு மற்ற எல்லோரையும் விட நுட்பமாக இருந்தது. அதை அவரே படித்துப் பார்த்த பிறகுதான் நம்பினார்.

ஓர் ஆட்சேபம்

இவையெல்லாம் மேலைநாட்டுத் தனிமனிதவாதம், நம் குடும்ப வாழ்க்கைக்குப் பொருந்தாது என்று சொல்பவர்கள் உண்டு. பதினேழு நாடுகளில் நடந்த 133 ஆஷ் வகை ஆய்வுகளைப் பாண்ட், ஸ்மித் இருவரும் 1996-இல் தொகுத்தபோது, கூட்டு வாழ்க்கைக்கு முதன்மை தரும் சமூகங்களில் இணக்கம் அதிகம் என்பது தெரியவந்தது. இதை நான் குறையாகப் படிப்பதில்லை. தங்கவயலில் சம்பளம் நின்ற வீடுகள் பிழைத்தது முகதாட்சண்யத்தால்தான். இவருடைய இரக்கத்தைக் குறைப்பது என் நோக்கமாக ஒருபோதும் இருந்ததில்லை. பயத்தால் கொடுத்ததையும் மனமுவந்து கொடுப்பதையும் அவரே பிரித்தறிய வேண்டும் என்பதுதான் நோக்கம். பயிற்சிக் காலத்தில் அதே இளம் ஊழியையின் தாய்க்கு அறுவை சிகிச்சை நடந்தபோது, யாரும் கேட்காமலே ஐயாயிரம் கொடுத்தார். அன்றிரவு நன்றாகத் தூங்கியதாகக் குறிப்பேட்டில் இருக்கிறது.

உண்மையிலேயே அதிகாரம் உள்ளவரிடம் மறுப்பது வேறு கணக்கு. மாதக் கடைசியில் இரவு ஒன்பது மணி வரை உட்காரச் சொல்லும் மேலாளரிடம் ‘முடியாது’ என்றால் வேலைக்கே ஆபத்து வரலாம். அங்கே அவரைத் தனியாக மோத நான் ஊக்குவிக்கவில்லை. பிரிவில் உள்ள அனைவரும் சேர்ந்து, யார் எந்த நாள் இருப்பது என்ற முறைப்பட்டியல் கேட்டார்கள், பாதி கிடைத்தது. வளைவதற்கு எதார்த்தமான காரணம் இருக்கும் இடத்தில் வளைபவரை நோயாளி ஆக்கக் கூடாது.

விளைவு

பயிற்சி தொடங்கிய சில மாதங்களுக்குப் பிறகு அக்காவிடம் பேசினார். அதே சாப்பாட்டு அறையில், இளம் ஊழியை அருகில் இருக்க. “அக்கா, கம்பெனிக்கு மாசம் அஞ்சாயிரம் நீங்க கட்டணும். கட்டின ரசீதை எனக்கு அனுப்புங்க.” அக்கா அழுதார். “உன்ன கூடப் பொறந்தவளா நெனச்சேனே” என்றார். இவர் ஐந்து எண்ணினார். பதினைந்து வரை போயிற்று என்று பிறகு சொன்னார். கடைசியில் “அதனாலதான்க்கா உங்ககிட்டயே கேக்குறேன்” என்றார். அந்த வாக்கியம் எங்கள் பயிற்சியில் இல்லாதது.

அக்கா இரண்டு மாதம் கட்டினார், ஒரு மாதம் விட்டார், மறுபடி கட்டினார். மீதியைத் தவணையாகச் செலுத்தச் சீட்டுக் கம்பெனி ஒப்புக்கொண்டது; குறையும் தொகையை இவர் கட்டுகிறார். ஜாமீன்தாரர் முறையாகக் கட்டிய தொகையைக் கடனாளியிடமிருந்து மீட்க ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 145 உரிமை தருவதால், வழக்கறிஞர் சொன்னபடி ஒவ்வொரு ரசீதையும் பத்திரப்படுத்துகிறார். அலுவலகத்தில் அக்கா இப்போது இவரிடம் வேலை விஷயம் மட்டுமே பேசுகிறார்; மூத்தவர்களில் இன்னும் இருவர் முகம் கொடுப்பதில்லை. இந்த இழப்பு உண்மையானது. அதற்காக இவர் வருந்துகிறார். அந்த வருத்தத்தைப் போக்க நான் முயலவில்லை.

தூக்கம் பெரும்பாலும் திரும்பிவிட்டது. நெஞ்செரிச்சல் மாதக் கடைசியில் மட்டும் வருகிறது. மகள் மீதான கோபம் குறைந்திருக்கிறது என்று கணவரும் மகளும் தனித்தனியே சொன்னார்கள். நாத்தனார் விஷயம் தொடப்படாமலே இருக்கிறது. மகளை அடுத்த கல்வியாண்டில் பழைய பள்ளிக்கே மாற்றுவதா என்பதைத் தாளில் இரண்டு முறை எழுதிப் பார்த்துவிட்டார். இரண்டு முறையும் விடை ‘மாற்றலாம்’ என்றே வந்தது. பொங்கலுக்கு நாத்தனார் குடும்பம் வருகிறது. அதற்கு முன் மகளையும் உடன் வைத்துக்கொண்டு அந்தப் பேச்சை ஒத்திகை பார்க்க வேண்டும் என்று அவரே கேட்டிருக்கிறார். டிசம்பர் அமர்வுகளை அதற்கு ஒதுக்கியிருக்கிறோம்.